அக்கா சொல்லிக்கொள்ளாமல் போன ஞாயிற்றுக்கிழமை

எனக்கு இருப்பது எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு, இங்கிலீஷில் 'பார்டர்லைன்', என்று டாக்டர் சொன்னபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. மலேசியாவின் கெடா மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு பார்டர் என்றால் சயாம் பார்டர்தான். லீவு நாளில் காரை எடுத்துக்கொண்டு போய், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, மலிவாகக் கிடைக்கிற போர்வையோ செருப்போ வாங்கிக்கொண்டு திரும்புகிற இடம். அதைக் கொண்டுவந்து என் மண்டைக்குள் வைத்தால் நான் என்ன செய்வது?

பெயர்தான் புதிது, விஷயம் பழையது. காலையில் ஒருவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவேன். சாயங்காலம் அவர் போனை எடுக்கவில்லை என்றால் அவரைப் போல ஒரு துரோகி உலகத்திலேயே கிடையாது. மறுநாள் அழுதுகொண்டே போய் மன்னிப்புக் கேட்பேன். குருணில் இருக்கும் தொழிற்சாலையில் என்னோடு ஒரே லைனில் வேலை செய்தவர்கள் எனக்கு 'சூறாவளி' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்தார்கள். தெரிந்தே அவர்களுக்குக் கடையில் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தேன், என்னை விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடக் கூடாதே என்று.

அம்மா போன பிறகு எனக்கு மிச்சம் இருந்தது அக்கா மட்டும்தான். சுங்கை லாலாங்கில் அக்காவும் அத்தானும் வாங்கிய வீட்டில் பின்னறை என்னுடையது. அக்கா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். அவள் பாசாருக்குப் போய்த் திரும்பக் கொஞ்சம் தாமதமானாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும். எங்கே இருக்கிறாய் என்று மெசேஜ், ஏன் பதில் இல்லை என்று மெசேஜ், நான் செத்தால்தான் உனக்கு நிம்மதி என்று மெசேஜ். அவள் மீன் வாங்கிக்கொண்டிருப்பாள், பாவம்.

தைப்பிங்கில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம் வந்தது. அக்காவும் அத்தானும் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவதாக ஏற்பாடு. என்னையும் கூப்பிட்டார்கள், எனக்கு ஷிப்ட். அவர்கள் பையில் துணி எடுத்து வைப்பதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்துபோயிற்று. கத்தினேன், காலைப் பிடித்துக் கெஞ்சினேன், கடைசியில் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு என்னை நானே காயப்படுத்திக்கொண்டேன். அத்தான் கதவை உடைத்துத்தான் என்னை வெளியே கொண்டுவந்தார். கல்யாணத்துக்கு யாரும் போகவில்லை.

அத்தான் நல்ல மனிதர். என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. அன்றைக்கும் திட்டவில்லை, அக்காவிடம்தான் சொன்னார். "என்னால இனிமே முடியாது. அவ நல்லானா வரட்டும், இல்லன்னா வேற எடம் பாக்கட்டும்." நான் பின்னறையில் படுத்தபடி அக்கா ஏதாவது சொல்லுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

அதனால், மனநல வார்டில் கொஞ்ச காலம் தங்கிச் சிகிச்சை எடுத்துக்கொள்கிறாயா என்று டாக்டர் கேட்டபோது உடனே சரி என்றேன். எனக்கு இருந்த கவலை வியாதியைப் பற்றியதே இல்லை. வெளியே வரும்போது அக்கா வீட்டில் எனக்கு இடம் இருக்குமா என்பது ஒன்றுதான்.

வார்டில் போய் இறங்கிய அன்றே, எந்த நாள் வெளியே போக வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வருகிற விருந்தாளியிடம் வாசலிலேயே எப்போது கிளம்புகிறீர்கள் என்று யாராவது கேட்பார்களா? என்னைப் பார்த்துக்கொண்ட மனநல ஆலோசகர் ஒரு மலாய்ப் பெண், என் வயதுதான் இருக்கும். நாங்கள் அவரைப் 'புவான்' என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். அவர்தான் விளக்கினார். இந்த நோய்க்காரர்களுக்கு நெடுநாள் வார்டில் இருப்பது நல்லதில்லை, வார்டே வீடாகிவிடும், பிறகு வீட்டுக்குப் போவதே பயமாகிவிடும் என்றார். முடிவு தெரிந்தே தொடங்கினால், பிரிகிற நேரத்தைக்கூட ஒரு பயிற்சியாக வைத்துக்கொள்ளலாமாம். பிரிவதற்குப் பயிற்சியா, நல்ல ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன் என்று மனதுக்குள் பொருமினேன்.

பக்கத்துக் கட்டிலில் செமிலிங்கிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் பெண் ஒருவர் இருந்தார். கணவர் வீட்டில் ஜவுளிக்கடை. பிள்ளை பெற்ற பிறகு மனச்சோர்வில் யாரிடமும் பேசாமலே கிடந்தாராம். நான் போன நேரத்தில் அவருக்குப் பேச்சு திரும்பியிருந்தது, நிறுத்தத்தான் ஆளில்லை. அவர்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்று கூப்பிடுவார்கள் என்று சொன்னார். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

காலையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவோம். அது முடிந்ததும் புவானோடு தனியாக ஒரு வகுப்பு. அவர் எனக்குக் கொடுத்த வேலை கேட்பதற்குச் சுலபமானது. கோபமோ பயமோ கிளம்பும்போது, கண் பார்த்தது என்ன, மனம் சேர்த்தது என்ன என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அக்கா போனை எடுக்கவில்லை என்பது கண் பார்த்தது. அக்காவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்பது மனம் சேர்த்தது. சோற்றுக்கு மேல் குழம்பு ஊற்றுவது மாதிரி என்று நான் சொன்னேன். புவானுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. என் மனமோ சோறே கண்ணுக்குத் தெரியாதபடி ஊற்றுகிற ரகம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள், தனியாக. வார்டு வாசலில் ஊக்கு, கத்தரி, கயிறு எதையும் உள்ளே விட மாட்டார்கள். அக்காவின் தாலிக்கொடியில் எப்போதும் ஊக்குகள் கோத்திருக்கும். தையல்காரியாயிற்றே. அந்த ஊக்குகளைக் கழற்றச் சொன்னதும் காவலுக்கு நின்ற பெண்ணிடம், "தாலியில கைய வைக்காத லா, புருஷன் இருக்காரு!" என்று தமிழிலேயே சத்தம் போட்டாள். நர்ஸ் வந்து மலாயில் சமாதானம் சொன்ன பிறகு, ஒவ்வொன்றாக அக்காவே கழற்றித் தட்டில் வைத்தாள். உள்ளே வரும்போது முகம் உம்மென்று இருந்தது.

புட்டும் நெத்திலிச் சம்பலும் கொண்டுவந்திருந்தாள். நான் சாப்பிட, அவள் பக்கத்து வீட்டுக்காரர் பூனை, தீபாவளிக்கு வந்து குவிந்திருக்கும் ரவிக்கைத் துணி என்று என்னென்னவோ பேசினாள். நான் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"அத்தான் என்னக்கா சொல்றாரு?"

"சாப்புடு மொதல்ல."

"நான் வீட்டுக்கு வரலாமா, வேணாமா?"

"டப்பாவ கழுவி வை. எறும்பு வந்துரும்."

டப்பாவை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அவள் கைப்பையும் இல்லை. கழிவறையில் தேடினேன். பிறகு ஜன்னலுக்கு ஓடினேன். ஜெராய் மலை முழுக்க மேகம். கீழே கார் நிறுத்துமிடத்திலிருந்து அக்காவின் கார் வெளியே போய்க்கொண்டிருந்தது.

டப்பாவைச் சுவரில் எறிந்தேன். கத்தினேன். அக்காவைச் சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேன். இப்போதே வீட்டுக்குப் போகிறேன், என் விருப்பத்தில்தானே வந்தேன், விடுங்கள் என்று நர்ஸிடம் சண்டை போட்டேன். எந்த வீட்டுக்குப் போவேன் என்று அவர் கேட்கவில்லை. "சபார், டிக், சபார்," பொறுத்துக்கொள் தங்கச்சி என்று மலாயில் சொல்லிக்கொண்டே என் கையில் ஐஸ் கட்டியைத் திணித்தார். அது உருகும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும், அதுவும் பயிற்சிதான். உருகிய தண்ணீர் முழங்கைவரை ஓடியது. நாளைக்குப் புவான் வந்ததும் பேசிவிட்டு முடிவெடு என்றார் டியூட்டி டாக்டர்.

கொஞ்சம் அடங்கியதும் லாத்தா வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எதுக்கு தங்கச்சி இந்த ஆட்டம்?"

"சொல்லாமகூட போயிட்டா லாத்தா. ஒரு வார்த்த சொல்லல."

"ஆஸ்பத்திரியில வச்சு யாரு சொல்லிக்கிட்டுப் போவா? போயிட்டு வர்றேன்னா மறுபடி ஆஸ்பத்திரிக்கு வர்றேன்னுல்ல ஆயிடும். எங்க மாமியா இங்க வந்தா சலாம்கூட சொல்லாம எறங்கிப் போயிரும். ஒங்க சனத்துலயும் அப்படித்தானே?"

எனக்குப் பளிச்சென்று நினைவு வந்தது. சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்கள் குடும்பத்தில் ஆஸ்பத்திரியையும் அதோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும், அம்மா அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்துத் திருடர்கள் மாதிரி நழுவிப் போனார்கள். அக்காவும் அதைத்தான் செய்திருக்கிறாள். எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. சிரித்தேன், அழுதேன், லாத்தா கொடுத்த பிஸ்கட்டைத் தின்றேன்.

மறுநாள் புவானிடம் பெருமையாகச் சொன்னேன். கண் பார்த்தது காலி நாற்காலி, மனம் சேர்த்தது 'கைவிட்டுவிட்டாள்' என்பது, உண்மையில் அது எங்கள் சாங்கியம் என்று. அவருக்கு ஆச்சரியம். மலாய்க்காரர்கள் கையைப் பிடித்து சலாம் வைத்து, தப்பிருந்தால் மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்களாம். அப்படிச் சொல்லாமல் போனால்தான் அவர்களிடம் சண்டை என்று அர்த்தம். பிறகு ஒன்று கேட்டார்.

"சாங்கியம்தான் காரணம் என்று அக்கா சொன்னாரா?"

"சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும்."

"நல்ல காரணமாக இருக்கிறது. ஆனால் இதுவும் நீங்கள் ஊற்றிய குழம்புதானே?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கெட்டதை நினைத்தால் தப்பு என்கிறார், நல்லதை நினைத்தாலும் விட மாட்டேன் என்கிறார். அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. இருந்தாலும் வீட்டுக்குப் போகிறேன் என்ற பேச்சை விட்டுவிட்டேன். அக்கா என் பக்கம் இருக்கிறாள், எனக்கு அது போதும்.

அடுத்த ஞாயிறு அக்கா வரவில்லை. தீபாவளித் தையல் வேலை என்று நர்ஸிடம் போனில் சொல்லியிருந்தாள். அதையும் நம்பினேன். நம்புவது எவ்வளவு சுகம் என்று அந்த வாரம் தெரிந்தது. குழு வகுப்பில் மற்றவர்களுக்குப் புத்திமதி சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

வெளியே போகும் நாள் நெருங்கியபோது, குடும்பத்தோடு பேச வேண்டும் என்று புவான் அக்காவை வரச் சொன்னார். சின்ன அறை, மூன்று நாற்காலி, நடுவில் டிஷ்யூ டப்பா. அக்கா ஊக்கெல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உங்களுக்கு அக்காவிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா என்று புவான் என்னைக் கேட்டார். எனக்கு அவரிடம் ஜெயிக்க வேண்டும் போலிருந்தது. சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"அன்னைக்கு சொல்லாம போனியேக்கா, ஆஸ்பத்திரின்னுதானே? சாங்கியம் பாத்துதானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டிருந்தால் முடிந்திருக்கும். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லடி," என்றாள். "ஓடிட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"நீ அத்தானப் பத்திக் கேட்ட. என்கிட்ட பதில் இல்ல. நீ டப்பா கழுவத் திரும்புன. இப்பப் போனாத்தான் உண்டு, இல்லன்னா நீ கெஞ்ச ஆரம்பிச்சிருவன்னு எந்திரிச்சு வந்துட்டேன். கார்ல ஒக்காந்தவ, இனிமே இங்க வரவே கூடாதுன்னு நெனச்சேன். மறு வாரம் வேலைன்னு சொன்னேன்ல, வேலையெல்லாம் இல்ல. மிஷின் முன்னாடி சும்மாத்தான் ஒக்காந்திருந்தேன்." டிஷ்யூவை எடுத்தாள், ஆனால் துடைக்கவில்லை, கையிலேயே கசக்கினாள். "அன்னைக்கு பாத்ரூம் கதவுக்கு வெளிய நின்னது நான்தான்டி. நீ உள்ள இருக்க, சத்தம் இல்ல. அத்தான் ஒடைக்கிற வரைக்கும் நான் நின்னேன் பாரு, அத யாரும் என்கிட்ட கேக்கல. எனக்கும் ஒரு மனசுதானே?"

என் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. நான் பயந்தது பொய்யே இல்லை. அவள் என்னை விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். புவானைப் பார்த்தேன், ஏதாவது சொல்லி என்னைப் பிடியுங்கள் என்று. என்னை நம்பியோ என்னவோ, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் கண் பார்த்ததைச் சொன்னேன், வாய்விட்டு, தமிழில். "அக்கா வந்திருக்கா. நாற்காலில ஒக்காந்திருக்கா. கையில டிஷ்யூ இருக்கு." அதற்கு மேல் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. திரும்ப ஒரு தடவை சொன்னேன். அக்கா பயந்துபோய்ப் புவானைப் பார்த்தாள். தமிழ் தெரியாத புவான் தலையை மட்டும் ஆட்டினார். நான் உட்கார்ந்தேன்.

"அப்ப இன்னைக்கு ஏன் வந்த?"

"தெரியலடி. பயந்துக்கிட்டேதான் வந்தேன்."

யாரும் எனக்கு இவ்வளவு உண்மையாக ஒரு பதில் சொன்னதில்லை. சாங்கியம் என்று நினைத்தபோது கிடைத்த ஆறுதல் இதில் இல்லை. வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனால் நான் கத்தாமலிருக்க அவள் யோசித்து யோசித்துப் பேசுகிற பேச்சு இல்லை இது. தங்கச்சியிடம் அக்கா பேசுகிற பேச்சு.

"அத்தான்கிட்ட பேசிட்டேன்," என்றாள் அக்கா. "வீட்டுக்கு வா. ஆனா ஒண்ணு. எனக்கு முடியாமப் போறப்ப ரூம் கதவ சாத்திக்குவேன். நீ தட்டக் கூடாது, கூப்புடக் கூடாது, மெசேஜ் போடக் கூடாது. நானா வெளிய வருவேன். இதுக்கு ஒத்துக்கிட்டா வா, இல்லன்னா என்னால ஆகாது."

அதை மலாயில் சொன்னதும், முடியுமா என்று புவான் என்னைக் கேட்டார். முடியும் என்று சொல்லி அவரைச் சந்தோஷப்படுத்தத்தான் வாய் வந்தது. தெரியாது என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்த புதிதில் நாங்கள் மூவரும் கண்ணாடிச் சாமான் கடைக்குள் நடப்பது மாதிரி நடந்தோம். அத்தான் என்னிடம் மழை வருமா என்று மட்டும் பேசினார். நான் குருண் வேலைக்குத் திரும்பினேன், வாரத்துக்கு ஒரு நாள் கிளினிக். அக்கா கதவைச் சாத்தவே இல்லை. அது சும்மா ஒரு பேச்சு என்று நானும் நினைக்கத் தொடங்கினேன்.

ஒரு மத்தியானம் நடந்தது. அத்தான் வேலைக்குப் போயிருந்தார். நான் காலை ஷிப்ட் முடிந்து வந்திருந்தேன். அக்கா ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள், நான் பேசியதற்கு உம் கொட்டினாள். என் மேல் கோபமா என்று கேட்டேன். இல்லை என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டேன், குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்றேன். அப்புறமும் கேட்டேன். அக்கா ஊசியைக் குத்தி வைத்தாள், எழுந்தாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதவுக்கு முன்னால் நின்றேன். தட்டுவதற்குக் கை தூக்கியும் விட்டேன். உள்ளே சத்தமில்லை. அண்ணனுக்குப் போன் பண்ணி என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறாள் என்று மனம் சொன்னது. எங்களுக்கு அண்ணனே கிடையாது. அந்த அளவுக்குக் குழம்பு ஊற்றியது.

தூக்கிய கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பேசினை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போய், வேலியோரத்து முருங்கையில் ஒரு கிளையை ஒடித்து, போர்ச்சில் பேப்பர் விரித்து உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தேன். அக்கா உள்ளே இருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது. கீரை கையில் இருக்கிறது. இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு உருவினேன். கிளை முடிந்தது, கதவு திறக்கவில்லை. இன்னொன்றை ஒடித்தேன். அழுதேன், அழுதுகொண்டே உருவினேன். ஐஸ்கிரீம்காரர் மணி அடித்துக்கொண்டு தெருவில் போனார். இன்னொரு கிளையை ஒடித்தேன்.

அக்கா வெளியே வந்தபோது தலை கலைந்து, கன்னத்தில் தலையணைத் தடம் விழுந்திருந்தது. தூங்கியிருக்கிறாள்! வாசலில் வந்து நின்று மரத்தைப் பார்த்தாள், பேசினைப் பார்த்தாள். பேசின் நிரம்பிப் பேப்பரிலும் குவிந்து கிடந்தது.

"மரத்தையே மொட்டையடிச்சிட்டியேடி! இவ்ளோ கீரைய யாரு தின்னுறது?"

"நீ உள்ள இருந்த நேரம்க்கா அது," என்றேன்.

அக்கா அப்படியே என் எதிரில் உட்கார்ந்தாள். கீரைக் குவியலில் கையை வைத்து ஒரு பிடி அள்ளினாள், திரும்ப அதிலேயே போட்டாள்.

"இவ்ளோ நேரமும் தட்டாமயா இருந்த?"

நான் தலையாட்டினேன். அவளுக்கு வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது. குவியலைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, காம்பு கிள்ளத் தொடங்கினாள்.